சர்க்கரை டப்பாக் கடிகாரம்

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். கடைக் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது, அத்தானின் முழங்கால் வலிதான் நிற்கவில்லை. பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள், கீழே கிடப்பதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்கிறாள் என்று சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீ வாங்கப்போகும் பழைய கைக்கடிகாரத்தின் படத்தைப் பார்த்ததும் முதலில் எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன். இருபது வருஷமாக இந்த மேசையில் குனிந்து கடிகாரம் பழுது பார்க்கிறவள் நான். என் கைக்கு வருவதெல்லாம் தண்ணீர் புகுந்ததும் கீழே விழுந்ததும்தான். நீயோ போகிற போக்கில் குப்பையில் கிடக்கும் குண்டுமணியைப் பொறுக்கிவிடுவாய். பெரியவளுக்குக் கை, சின்னவளுக்குக் கண் என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். கை என்று சொல்லும்போது என் பக்கம் திரும்பமாட்டார். கண் என்று சொல்லும்போது உன் தலையைத் தடவுவார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எரிச்சல் போய்ப் பயம் வந்தது. எண்களின் மேல் இருட்டில் மின்னுவதற்காகப் பூசிய பூச்சு பழுப்பேறி வெடித்திருக்கிறது. முட்கள் வெகுகாலம் ஒரே இடத்தில் நின்றதில், அவற்றுக்கு அடியில் டயல் கருகி நிழல் விழுந்திருக்கிறது. ஆறாம் எண்ணுக்குக் கீழே ‘டி’ (T) என்ற ஆங்கில எழுத்தும் இல்லை. அது இருந்தால் பின்னால் வந்த, அவ்வளவு ஆபத்தில்லாத பூச்சு. இது கதிர்வீச்சை உமிழும் ரேடியம்தான் என்று என் மனசு அடித்துச் சொல்கிறது.

போனில் சொன்னபோது நீ சிரித்தாய். “விக்கிறவரு இருட்டுல வச்சுப் பாத்துட்டாராம்க்கா, ஒளியே வரலையாம். ரேடியமா இருந்தா மின்னாதா?” என்றாய். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மின்னுவது ரேடியத்தோடு கலந்த மருந்து. அது சில வருஷங்களில் செத்துவிடும். ரேடியம் ஆயிரம் வருஷம் ஆனாலும் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். மூடிய கடிகாரத்தைவிடத் திறந்ததுதான் ஆபத்து. நீ சமையலறை மேசையில் வைத்துப் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசப்போவதாகச் சொன்னாய். அந்தத் தூள் மூச்சில் போகும், தரையில் உதிரும். பாப்பா தவழ்வது அந்தத் தரையில்தான்.

நான் விடாமல் பேசியதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்கு வயித்தெரிச்சல்க்கா. நான் எதைத் தொட்டாலும் ரேடியம்ங்கிற” என்று சொல்லிப் போனை வைத்தாய். நீ சொன்னது உண்மை. எவ்வளவு உண்மை என்று உனக்குத்தான் தெரியாது.

மூன்று வருஷம் முன்பு நாம் இருவரும் பழைய சாமான் சந்தைக்குப் போனோமே. பச்சை எண் போட்ட ஒரு கைக்கடிகாரத்தை எடுத்து உன் கையில் வைத்துப் பார்த்தாய். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. “தொடாதடி, ரேடியம்” என்றேன். நெருப்பைத் தொட்டவள்போல் வைத்துவிட்டாய். அந்த ‘டி’ எழுத்து என் கண்ணில் பட்டிருந்தது. பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன். மறுநாள் நான் மட்டும் போய் அதை வாங்கி வந்தேன்.

ஒரு நாள்கூடக் கட்டவில்லை. யாராவது பார்த்து உன் காதில் போட்டுவிடுவார்களே. சர்க்கரை டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். போன முறை வந்தபோது டீக்குச் சர்க்கரை எடுக்க நீ கையை நீட்டினாய், எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எறும்பு இருக்கிறது என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டேன். நீ சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டுப் போனாய்.

போதாததற்கு நான் சொன்ன பொய்க்கு நானே பயந்தேன். பழைய ரேடியம் பூசிய முட்களை யாராவது அதில் மாட்டியிருந்தால்? அதற்காகவே கதிர்வீச்சை அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

இந்தப் பார்சலில் மீட்டரும் இருக்கிறது, அந்தக் கடிகாரமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விற்பவர் கொண்டுவந்து காட்டும்போது, முதலில் மீட்டரை என் கடிகாரத்தின் மேல் பிடி. எப்போதாவது ஒரு டிக் கேட்கும். வெறும் மேசைமேல் பிடித்தாலும் அதே அளவுதான் கேட்கும். சந்தையில் நான் சொன்னது பொய் என்பதற்கு அது சாட்சி. பிறகு அவருடையதன் மேல் பிடி. படபடவென்று அடித்தால் இப்போது சொல்வது நிஜம் என்பதற்கு அதுவே சாட்சி. என்னை நம்பச் சொல்ல எனக்கு முகமில்லை. மீட்டருக்கு அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது.

அடித்தால் வாங்காதே. அவர் வரும்போது பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடு.

என் கடிகாரம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அது உன்னுடையது. கட்டிக்கொள். கட்டின கையைப் படமெடுத்து மட்டும் எனக்கு அனுப்பாதே. அவ்வளவு நல்லவளாக நான் இன்னும் ஆகவில்லை. பாப்பா நோய் நொடி இல்லாமல் எழுந்து நடக்கட்டும். அவள் முதல் அடி வைக்கிற அன்றைக்கு, என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், ஒரு வரி எழுதிப் போடு.

இப்படிக்கு,
உன் அக்கா