கரண்ட் வைத்த கை

1958 அக்டோபர் 13, திங்கள்
மழை விட்டபாடில்லை. ஆம்பூரிலிருந்து முதல் பஸ். வேலூர் ஆஸ்பத்திரி.

தோல் பதனிடும் கிடங்கில் சுண்ணாம்புத் தரை வழுக்கி, தோலில் ஒட்டிய சதையைச் சீவும் என் கத்தி மேலேயே விழுந்து ஐந்து மாதம். வலது முழங்கைக் காயம் ஆறிவிட்டது. சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான் மடங்கியே கிடக்கின்றன. தொட்டாலும் தெரிவதில்லை.

உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைக் கையில் வைத்துக் கரண்ட் விட்டார்கள். விரல் துள்ளியது! சிரித்துவிட்டேன். சிஸ்டர் சிரிக்கவில்லை.

"அது கரண்ட் பெட்டி ஆட்டுறது. நரம்பு வளர்ற வரைக்கும் சதை வத்தாம இருக்கத்தான். நீங்களா ஆட்டுங்க பாப்போம்."

ஆட்டினேன். ம்ஹூம்.

14, செவ்வாய்
கத்தி வேலை இனி இல்லையாம். காயப்போட்ட தோலைப் புரட்டும் வேலை. மழையில் எதைக் காயப்போட? சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கூட வேலை செய்யும் காதர் பாய். "கரண்ட் ஷாக்கா? இன்னாபா இது, பேஜாரா கீது." பீடி பற்றவைத்துக் கொடுத்தார்.

பல்பொடி வாங்க வேண்டும். பிறந்திருக்கும் குழந்தைக்குக் கிலுகிலுப்பை.

19, ஞாயிறு
ஆலங்காயம், மாமியார் வீடு. கஸ்தூரி பிரசவத்துக்கு வந்த இடம். பெண் குழந்தை. கஸ்தூரியின் மூக்கு. இன்னும் கையில் வாங்கவில்லை; அதற்குள் காபி வந்தது. டம்ளரை வாங்கிப் பேசிக்கொண்டே இருந்தேன்.

"மாப்ள, சூடு தெரியலீங்களா?" என்றார் அத்தை.

பார்த்தேன். சுண்டுவிரலில் கொப்புளம்.

அப்புறம் யாரும் குழந்தையைக் கொண்டு வரவில்லை. அடுப்பங்கரையில் அத்தை குரல்: "சூடு தெரியல, வெரல் மடங்குது. பெருவியாதிக்கு வேற இன்னாடி அடையாளம்?"

"கத்தி பட்டதும்மா."

"நீ பாத்தியா?"

கிளம்பும்போது கவனித்தேன். என் டம்ளரை மட்டும் வாசலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவமானம். பஸ்ஸில் அழுதேன். கிலுகிலுப்பை பையிலேயே.

20, திங்கள்
டாக்டரிடம் அத்தையின் சந்தேகத்தைச் சொன்னேன். கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொடுவாராம், தொட்டால் சொல்ல வேண்டும். காத்திருந்தேன். "எப்ப ஆரம்பிப்பீங்க சார்?" என்றேன். முடித்துவிட்டாராம்.

"குஷ்டம் இல்ல. நரம்பு அறுந்திருக்கு, அவ்வளவுதான். விரல் கொஞ்சம் அசையலாம். உணர்ச்சி திரும்புமான்னு சொல்ல முடியாது."

அவ்வளவுதானாம். மறுபடி கரண்ட். விரல் துள்ளியது. இன்று நான் அதைப் பார்க்கவில்லை.

26, ஞாயிறு
வெயில். துணி துவைத்தேன், ஒற்றைக் கையால். பதினோரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். கஸ்தூரி! குழந்தையோடு, தனியாக, பஸ் ஏறி.

"அம்மா?"

"அவங்க கத்தினா கத்தட்டும். நீங்க புடிங்க."

மடியில் வைத்தாள். பயந்து பயந்து வலது கையை நீட்டினேன். குழந்தை என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. கொப்புளத்தின் மேலேயே.

"பாருங்க, எப்டி இறுக்கிப் புடிக்கிறா!" என்றாள் கஸ்தூரி.

"ஆமா" என்றேன்.

கண்ணை மூடிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திறந்தேன். பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.