சுவரொட்டியில் நான் அடித்த ஒரு சொல்

என் அருமை அக்கா சரஸ்வதிக்கு,

நீ காலமான அன்று மாலை, உன் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் புரூஃப் என் கைக்கு வந்தது. நம் சிவகாசி வழக்கம் உனக்குத் தெரியும். ஆர்டர் கொடுத்தவர் யாராயினும், இறந்தவர் வீட்டார் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடாமல் அச்சகத்தார் மெஷினில் ஏற்ற மாட்டார்கள். ஆர்டர் கொடுத்தது, நீ பாடம் நடத்திய பல்கலைக்கழகக் கல்லூரியின் அரசியல் அறிவியல் துறை. உன் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் 'பேராசிரியர்' என்று போட்டிருந்தார்கள்.

நான் அந்தச் சொல்லைக் கோடிட்டு அடித்தேன். உன் பணி ஆணையில் உள்ளபடியே 'தற்காலிகப் பகுதிநேர ஆசிரியர்' என்று ஓரத்தில் எழுதிக் கையொப்பமிட்டேன். மறுநாள் காலையில் பேருந்து நிலையச் சுவர் முழுவதும் அதுவே இருந்தது.

கோபத்தில் செய்தேனா? ஆம். ஆனால் கோபத்தில் பொய் எழுதவில்லை. நீ உயிரோடு இருந்தவரை உனக்கு மறுத்த ஒரு பதவியை, மறுக்கவோ ஏற்கவோ முடியாத நிலையில் நீ கிடக்கும்போது தருவதற்கு அவர்களுக்கு என்ன அதிகாரம்?

ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிந்ததும் உன்னை விடுவித்தார்கள். கோடை கழிந்ததும் புதியவளைப் போல மீண்டும் சேர்த்தார்கள். பணியில் தொடர்ச்சி இருந்தால் உரிமை கேட்பாய் என்ற அச்சம் அவர்களுக்கு. நீ அதையும் சிரிப்பாக்கினாய். "நானும் சீசன் ஆளுதாம்லே. பட்டாசுக்குத் தீபாவளி வரைக்கும், எனக்குப் பரீட்சை வரைக்கும்." எனக்குச் சிரிப்பு வரவில்லை, அக்கா. ஆசிரியர் அறையில் பெயர் ஒட்டிய நாற்காலிகள் இருந்தன. உன் பெயரில் ஒன்றும் இல்லை. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று வகுப்பில் நடத்திவிட்டு, நீ சைக்கிள் ஷெட் திண்டில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினாய்.

வக்கீலான நான் வழக்குத் தொடுக்க வக்காலத்துப் படிவத்தை நீட்டியபோதெல்லாம் உன் பதில் ஒன்றுதான். "கேஸு போட்டா அடுத்த வருசம் கூப்பிட மாட்டாகலே. அந்தப் புள்ளைகளுக்கு யாரு நடத்துவா?" உன் அச்சம் நியாயமானது. அந்த அச்சத்தை நம்பித்தான் அந்தத் துறையே நடந்தது.

சுவரொட்டியைப் பார்த்துவிட்டுத் துறைத்தலைவர் தொலைபேசியில் அழைத்தார். கல்லூரியின் மானம் போயிற்று என்றார். நல்ல எண்ணத்தோடு செய்ததைக் கெடுத்துவிட்டேன் என்றார். "செத்தவுகளுக்கு ஒரு மரியாதை வக்கீல் சார். அதுல போயி சட்டம் பாக்கீகளே." பேராசிரியர் என்பதைத் துறையின் முத்திரையோடு எழுதித் தாருங்கள், நானே செலவு செய்து மறுபடி அச்சடிக்கிறேன் என்றேன். அது கணக்குத் தணிக்கையில் இடிக்கும் என்று இணைப்பைத் துண்டித்தார். சுவரில் எழுதலாம், கோப்பில் எழுதக் கூடாது. இந்த மரியாதைக்கு வேறு என்ன பெயர்?

அவரிடம் பேசியது போல அம்மாவிடம் பேச முடியவில்லை. சொந்தக்காரர் எல்லாரிடமும் மகள் பேராசிரியர் என்றே சொல்லி வந்தவள் அவள். யாரோ சுவரொட்டியைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். என்னைத் திட்டவில்லை. "நீ எழுதுனது நெசந்தாம்லே. ஆனா போறப்பவாச்சும் அந்தப் பேரோட எம்புள்ள போயிருக்கலாம்ல" என்றாள். நீ அங்கே இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பாய்?

இப்போது உனக்கு ஒரு செய்தி. உன் காரியம் முடிந்த வாரமே உன் இடத்தை நிரப்பிவிட்டார்கள். வந்திருப்பவள் உன் மாணவி முத்துமாரி, தாயில்பட்டிப் பெண். தாய் பட்டாசு ஆபீசில் திரி வெட்டிப் படிக்கவைத்த பிள்ளை. பணி ஆணையோடு என் அலுவலகம் வந்தாள். உனக்குத் தந்த அதே ஆணை. பெயர் மட்டும் வேறு. நாற்காலி கேட்டாயா என்றேன். "கேட்டேன் சார். சரஸ்வதி டீச்சரே கேட்டதில்ல, ஒனக்கென்னன்னுட்டாக."

அக்கா, நீ பொறுத்துக்கொண்டதை உன் மாணவிக்கு எதிரான சாட்சியாக நிறுத்திவிட்டார்கள். உன்னைப் பேராசிரியர் என்று அச்சடிக்கத் துணிந்த அதே ஆட்கள்.

வழக்குப் போட்டால் வேலை போகுமா என்று கேட்டாள். போகலாம் என்றேன், அவளிடம் பொய் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பணி ஆணையை என் மேசைமேல் வைத்தாள். "போடுங்க சார். எங்கம்மாவத்தான் சீசன் முடிஞ்சா வீட்டுக்கு அனுப்புதாக. நானும் படிச்சுட்டு வந்து அப்படியே நிக்கணுமா?" என்றாள். நீ கடைசிவரை தொடாத வக்காலத்தில் அவள் கையெழுத்திட்டாள்.

வெல்வேன் என்று உனக்கு வாக்களிக்க மாட்டேன். எந்த வழக்கறிஞரும் அதைச் செய்யக் கூடாது. அவளைத் தனியே நிறுத்த மாட்டேன் என்று வாக்களிக்கிறேன். தீர்ப்பு எதுவாயினும், மேல்முறையீட்டின் கடைசிப் படிவரை அவளுக்காக நான் நிற்பேன். என்றேனும் முத்துமாரியின் பெயருக்குக் கீழே 'பேராசிரியர்' என்று அச்சாகும் நாள் வந்தால், அவள் உயிரோடு இருக்கும்போதே வந்தால், அந்தப் புரூஃபை நம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவேன். ஒரு சொல்லும் அடிக்காமல் கையெழுத்திடுவேன்.

'ஏலே' என்று கூப்பிட இனி ஆளில்லாத உன் தம்பி,
சங்கரலிங்கம்