லீஜியனின் கழுகு காணாமல் போன வாரம்

திங்கள், ஜூன் 4, 1934. பிரிக்ஃபீல்ட்ஸ்

காலையிலிருந்து மழை. நனைந்த காலணியோடு பள்ளிக்கு.

பெற்றோர் தினத்தில் எங்கள் வகுப்பு ரோமானியப் படை. மிஸ் பார்க்கர் பதவிகளை அறிவித்தார்:

லெகேட், படை முழுவதற்கும் தலைவர் – டோரத்தி
அவருக்கு அடுத்து, அங்கியில் அகலப் பட்டை அணியும் ட்ரிப்யூன் – மார்கரெட் (பள்ளியில் சேர்ந்து இரண்டே மாதம்!)
மூன்றாவதாக முகாம் தலைவர் – லட்சுமி
குறுகிய பட்டை ட்ரிப்யூன்கள் ஐவர் – கமலா அதில் ஒருத்தி
கழுகுக் கம்பம் ஏந்துபவள் – நான்!!

ரோமிலும் இப்படித்தானாம். பெரிய வீட்டுப் பிள்ளை அனுபவம் இல்லாமலே இரண்டாம் இடத்துக்கு வருவான். சிப்பாயாகச் சேர்ந்து தலை நரைத்தவருக்கு மூன்றாம் இடம். மார்கரெட்டின் அப்பா யார்? விசாரிக்க வேண்டும்.

கமலாவுக்குக் கழுகு மேல் ஆசை. பின்னாலிருந்து சொன்னாள்: “உங்கப்பா செதுக்குனதால உனக்குக் குடுத்துட்டாங்க. அது முட்டை போடுமா லா? பாத்தா கோழி மாதிரி இருக்கு.”

அப்பாவின் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கழுகு. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய், ஜூன் 5

வெயில். முதல் ஒத்திகை. தோள் வலி.

நூலகப் புத்தகத்திலிருந்து: பிரிவுகளுக்குத் தனித்தனிக் கம்பங்கள் உண்டு. கழுகு மட்டும் லீஜியனுக்கு, அதாவது படை முழுவதற்கும், ஒன்றே ஒன்று. அதை எதிரியிடம் இழந்தால் படைக்கே அவமானம். ஏந்துபவன் உயிரைக் கொடுத்தாவது காக்க வேண்டும்.

கம்பம் ஆறடி. அலமாரியில் நுழையவில்லை. துடைப்பம் வைக்கும் அறையில் சாத்திவிட்டு வந்தேன்.

புதன், ஜூன் 6

கழுகு இல்லை.

கூரை மேல், கிணற்றடி, பெஞ்சுக்கு அடியில். எங்கும் இல்லை. சாப்பிடவில்லை.

சந்தேகம்:
1. டோரத்தி. அவளுக்கு எதற்கு? எல்லாமே இருக்கிறதே.
2. கூட்டிப் பெருக்கும் ஆயா முனியம்மா. இல்லை. அவளும் எங்களோடு குனிந்து குனிந்து தேடினாள்.
3. கமலா. நேற்றுக் கடைசியாகப் போனவள். நகத்தில் கழுகின் தங்கப் பூச்சு!!! பார்த்தேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வியாழன், ஜூன் 7

மிஸ்ஸிடம் சொன்னேன். நகத்தைப் பற்றியும்.

கமலாவை எழுப்பிக் கேட்டார். “மத்தக் கம்பங்களுக்குப் பூச்சு அடிச்சேன் மிஸ்.” யாரும் அதைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. அவள் அங்கியிலிருந்து பட்டையைப் பிரித்தெடுத்தார்கள். கழுகு வரும்வரை படையில் இடமில்லை.

வாசலில் கமலா: “நீயாடி சொன்னே?”

சாலையில் போன மாட்டுவண்டியைப் பார்த்தேன். அதுவே பதில் ஆகிவிட்டது.

சனி, ஜூன் 9

குழாயடியில் நல்ல கூட்டம். முன்னால் இரண்டு பெண்கள்.

“லைன் வீட்டுப் பக்கம் கருடாழ்வார் வந்திருக்காராமே?”

“நான் கற்பூரமே கொளுத்திட்டு வந்துட்டேன்க்கா. என்னா மூக்கு, என்னா றெக்கை!”

குடத்தை அப்படியே விட்டு ஓடினேன். ரயில்வே லைன் வீடுகளின் பின்னால், வேப்பமரத்தடி. என் கழுகு. நெற்றியில் நாமம். கழுத்தில் செம்பருத்தி. பக்கத்தில் முனியம்மா.

“பாப்பா, சாமிய துடைப்பத்துக்கும் வாளிக்கும் நடுவுல நிக்க வெச்சிருந்தாங்க. மனசு கேக்கல.”

“ஆயா, அது ரோமாபுரிக் கழுகு.”

“எந்த ஊரா இருந்தா என்னா? கருடன் கருடன்தானே.”

“நாங்க தேடும்போது ஏன் சொல்லல?”

“தொரைசானி வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. மூணு புள்ளைங்க பாப்பா.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமான கை.

அங்கே நிறுத்தியது நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை.

திங்கள், ஜூன் 11

வாங்கி வந்த கழுகின் நாமத்தைத் தேய்த்துக் கழுவினேன். வெள்ளை போய்விட்டது. சிவப்பு முழுதும் போகவில்லை.

மிஸ்ஸிடம் சொன்னது: செவ்வாயன்றே நான்தான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். பயந்துபோய்ச் சொல்லவில்லை.

வராந்தாவில் முனியம்மா கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பச் சத்தம் நின்றது.

“அப்படியானால் கமலாவின் பெயரை ஏன் சொன்னாய்?” என்றார் மிஸ்.

கம்பத்தை அவர் மேசையில் சாய்த்து வைத்தேன்.

பட்டை கமலாவுக்குத் திரும்பியது. கழுகும் அவளுக்கே. எனக்குத் திரை இழுக்கும் வேலை. அப்பா விஷயம் கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

செவ்வாய், ஜூன் 12

மேகமூட்டம். கமலா கம்பத்தை என்னைவிட நேராகப் பிடிக்கிறாள்.

ஒத்திகை முடிந்ததும் பக்கத்தில் வந்தாள். “நெசமா நீதான் எடுத்தியா?”

“ஆமா.”

“நெத்தியில செவப்பு ஏது?”

“தெரியாது.”

கட்டைவிரலால் அந்தச் சிவப்பைத் தேய்த்துப் பார்த்தாள்.

புதன், ஜூன் 13

மறுபடி மழை. கணக்கு வகுப்பில் மிஸ்ஸின் சிவப்புப் பென்சிலைக் காணோம். நாலைந்து தலைகள் என் பையைத் திரும்பிப் பார்த்தன. முதலில் திரும்பியது கமலாவின் தலை.