ஒன்பது முடிவுகள்

ஜூன் 4

அன்புள்ள மனைவிக்கு,

'அன்புள்ள' என்பதை முறைக்காகப் போட்டிருக்கிறேன். அதை நம்பி மேலே படிக்காதே.

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. அதன் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது, அதுவும் சண்டைக் கடிதம். பதிப்பாளர் என்னுடைய மூன்று சிறுகதைத் தொகுதிகளையும் ஒரே புத்தகமாகப் போடுகிறார். வழக்கமாகப் பிழை திருத்துகிறவருக்குக் கண்ணில் ஆபரேஷனாம். "இந்த ஒரு தடவை நீங்களே பாத்துக் குடுத்துடுங்க சார்" என்று அச்சுத்தாள் கட்டை என் மேஜையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அச்சில் வந்த என் கதையை நான் திரும்பப் படிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். படித்தால் அடுத்த கதை வராது என்று ஒரு பயம். இருபது வருடமாக நான் நோட்டில் எழுதுவேன், நீ உன் ஆபீஸ் மிஷினில் டைப் அடித்து நேராகப் பத்திரிகைக்கு அனுப்புவாய். அதோடு என் வேலை முடிந்தது.

இப்போது படித்தேன். எனக்கு வியர்த்துவிட்டது.

கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன் கதை ஞாபகம் இருக்கிறதா? ஓடிப்போன மனைவி திரும்பி வந்து கடை வாசலில் நிற்கிறாள். அவன் தலை நிமிரவில்லை, அவள் போய்விடுகிறாள். நான் எழுதியது அவ்வளவுதான். நோட்டை எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. அச்சில் பார்த்தால் அவன் ஸ்டூலைத் துடைத்து நகர்த்திப் போட்டு, "உக்காரு, இந்த முள்ளை மட்டும் மாட்டிட்டு வந்துடறேன்" என்கிறான். இவனை யார் பேசச் சொன்னது? நான் கிணற்றில் விழவைத்த நர்ஸ், அச்சில் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருந்து வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போகிறாள்! முப்பத்து நான்கு கதைகளில் ஒன்பதின் முடிவு என்னுடையது இல்லை.

ஒரு கூட்டத்தில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டூலை நகர்த்திப் போட்டாரே, அந்த இடத்துல அழுதுட்டேன் சார்" என்றார். யாருடைய கதையையோ என்னுடையது என்று நினைத்துவிட்டார், பாவம் என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா?

ஒன்பதையும் என் நோட்டில் உள்ளபடி திருத்தி அனுப்பப் போகிறேன். மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. சொல்ல ஏதாவது இருந்தால் அதற்குள் சொல்.

உன் கணவன்


ஜூன் 9

எழுத்தாளர் அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று உங்கள் கோபத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆமாம், நான்தான் மாற்றினேன். முதலில் அந்த நர்ஸ். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவள் கிணற்றடிக்குப் போகிற வரைக்கும் அடித்துவிட்டேன். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. ஒரு ஆளை ஆசைப்பட்டதைத் தவிர அவள் செய்த குற்றம் என்ன? காகிதத்தை உருவிவிட்டு வேறு காகிதம் போட்டேன். உங்களிடம் சொல்லித் திட்டு வாங்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் கதை வெளியாகி, 'முடிவு அருமை' என்று மட்டும் சொல்லி நாற்பது கடிதங்கள் வந்து, ஒவ்வொன்றையும் சமையலறை வாசலில் நின்று எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அத்தனை சந்தோஷமாக உங்களை நான் பார்த்ததே இல்லை. எப்படிச் சொல்லுவேன்?

இது தப்புத்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு புழுங்க என்னால் ஆகாது.

எங்கள் ஆபீஸில் தபால் பிரிவில் இருந்தவரைப் பற்றி நானேதான் உங்களிடம் வந்து சொன்னேன். கூட உட்கார்ந்து சாப்பிட்டோம், பேசினோம், அவர் லீவு போட்ட நாளில் எனக்கு வேலை ஓடவில்லை. அவ்வளவுதான் நடந்தது. "இது சரியில்லைன்னு எனக்கே தோணிடுச்சு, இனிமே பேச மாட்டேன்" என்று அழுதுகொண்டே சொன்னேன். நீங்கள் திட்டியிருக்கலாம். கையில் இருந்ததைப் போட்டு உடைத்திருக்கலாம். அன்றைக்கு மூடிய வாயைப் பதினைந்து மாதம் திறக்கவில்லை. 'பால் தீர்ந்துவிட்டது' என்றுகூடச் சீட்டில்தான் எழுதி வைத்தீர்கள்.

அந்தப் பதினைந்து மாதத்தில்தான் உங்களுக்கு அந்தப் பாராட்டு விழா நடந்தது. மனித பலவீனத்தை இவ்வளவு பரிவோடு பார்த்தவர் வேறு யாரும் இல்லை என்று மேடையில் ஒருவர் பேசினார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பரிவெல்லாம் நான் சாப்பாட்டு நேரத்தில் டைப் அடித்தது என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். மறுநாள் பெட்டியைக் கட்டினேன்.

கதைகள் உங்களுடையவை. எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள்.

டைப்பிஸ்ட்


ஜூன் 15

அன்புள்ள என் மனைவிக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன்.

ஒன்பது முடிவுகளையும் பழையபடி எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பதிப்பாளர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு படித்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. இது வேற யாரோ எழுதின மாதிரி இருக்கே" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காகிதங்களை வாங்கித் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். உன்னுடையவைதான் நன்றாக இருக்கின்றன. எழுதும்போதே வயிற்றெரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

நடந்ததையெல்லாம் மறந்துவிடலாம். அந்தத் தபால் பிரிவு ஆளையும் சரி, இந்த ஒன்பது கதைகளையும் சரி, நான் மன்னித்துவிட்டேன். நீ கிளம்பி வந்துவிடு. உன் அறையில் ஒட்டடை அடித்து வைத்திருக்கிறேன்.

உன் கணவன்


ஜூன் 19

எழுத்தாளருக்கு,

உங்கள் மன்னிப்பை இங்கே யார் கேட்டது?

நான் செய்த தப்புக்கு அன்றைக்கே, நின்ற இடத்திலேயே மன்னிப்புக் கேட்டாயிற்று. கதைகளுக்குப் போன கடிதத்தில் கேட்டாயிற்று. நீங்கள் பேசாமல் இருந்த பதினைந்து மாதத்துக்கு யார் கேட்பார்கள்? அதற்கும் நானே எழுதிக் கொடுக்க வேண்டுமா?

நேற்று உட்கார்ந்து யோசித்தேன். என் முடிவுகளிலும் ஒரு கோளாறு இருக்கிறது. நர்ஸ் கதையை விட்டுவிட்டால் மற்ற எட்டிலும் தப்பு செய்கிறவள் பெண், பெரிய மனசு பண்ணுகிறவன் ஆண். கடிகாரக்காரன் ஏன் அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கக் கூடாது? அவள் ஓடுகிற அளவுக்கு அவன் என்ன செய்தானோ! உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உங்களைவிட உங்கள் ஆண்களை நான் நல்லவர்களாக்கிவிட்டேன். பிறகு வீட்டில் அவர்களைத் தேடினேன்.

ஒட்டடை அடித்ததற்கு நன்றி.

(பெயர் போட மனசில்லை)


ஜூன் 27

அன்புள்ள உனக்கு,

ஐந்தாறு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். கதையாக இருந்தால் இதற்குள் மூன்று முடித்திருப்பேன்.

எனக்கு முதல் ஒரு வாரம்தான் கோபம் இருந்தது. பொறாமையும் இருந்தது. தூக்கமே இல்லை. அதன் பிறகு கோபம் தீர்ந்துவிட்டது. சத்தியமாகத் தீர்ந்துவிட்டது. ஆனாலும் நான் பேசவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்கிறேன். நீ டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் ஏதாவது சொல்வேனா என்று ஒரு நிமிடம் நின்று பார்ப்பாய். நீ அப்படி நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று அந்தச் சுகத்தைத் தள்ளிக்கொண்டே போனேன். முப்பத்து நான்கு கதைகளில் ஊரார் பலவீனத்தையெல்லாம் எழுதினேன். இதை எழுதவில்லை. வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

இன்று பதிப்பாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார். "வெளிய தெரிஞ்சா உங்க பேரு என்ன சார் ஆகும்?" என்றார். "இருக்கிற பேரு போதும்யா" என்று சொல்லிவிட்டேன். எந்தெந்த ஒன்பது கதைகளுக்கு நீ முடிவு எழுதினாய் என்று முன்னுரையில் வரிசையாகப் போட்டிருக்கிறேன், உன் பெயரோடு. உனக்கு இஷ்டமில்லை என்றால் அச்சை நிறுத்தச் சொல்கிறேன்.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு முகம் இல்லை. நான் அங்கே வரலாமா?

இப்படிக்கு,
நான்


ஜூலை 2

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்தது. நான் படித்து முடிப்பதற்குள் அக்கா கையிலிருந்து பிடுங்கிப் படித்துவிட்டாள். "இந்த மனுஷனுக்கு இப்படியும் எழுதத் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் மீதியைப் படித்தேன்.

அச்சை நிறுத்த வேண்டாம். என் பெயர் இருக்கட்டும்.

அந்த டீ விஷயம் எனக்கு அப்போதே தெரியும். உங்கள் முகத்தில் தெரிந்தது. நானே கற்பனை பண்ணிக்கொள்கிறேனோ என்று பல நாள் என்னையே திட்டிக்கொண்டேன். நீங்கள் வாய்விட்டுச் சொல்லிவிட்டதில் ஒரு பாரம் இறங்கியது. ஆனால் மன்னித்துவிட்டேன் என்று இந்தக் காகிதத்தில் எழுத எனக்கு இன்னும் வரவில்லை. பதினைந்து மாதத்துக்கு உங்களைத் திட்ட வேண்டியது அப்படியே இருக்கிறது. அதை டைப் அடித்து அனுப்ப முடியாது, நேரில்தான் திட்ட முடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள். நான் பேசி முடிக்க மத்தியானம் தாண்டிவிடும். வழியில் எங்கேயும் சாப்பிட்டுவிடாதீர்கள், இங்கே சமைத்து வைக்கிறேன்.

உங்கள் மனைவி