மூன்றாவது முடிச்சு

புதுக்கோட்டை, தூத்துக்குடி
2.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மகாராஜன் எழுதுவது. நீயும் எபனேசர் அத்தானும் சுகம்தானே? போனில் கூப்பிட்டால், வருகிறேன் என்று சொல்லாமல் சிரித்தே மழுப்பிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணம். பெண் பிரேமா, கயத்தாறு. துறைமுகத்தில் என் ஆபீசிலேயே வேலை பார்க்கிறாள். செப்டம்பர் ஐந்து முகூர்த்தம். நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மாம்பழ மஞ்சளில் பட்டு எடுத்தாயிற்று. பெண்ணுக்குப் பின்னால் நின்று தாலி முடிச்சுப் போடும் நாத்தனாருக்கு மட்டும் மயில்கழுத்து நிறம். கடையில் சேலைகளைப் பிரித்துப் போட்டபோது, நீ இல்லாமல் திணறிப்போனேன்.

உன் சேலையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

தம்பி,
மகாராஜன்

கீழவைப்பார்
8.8.2024

அன்புத் தம்பிக்கு,

பார்சலைப் பிரித்ததும் கொஞ்சம் அழுதேன். "வேதக்காரன் வீட்டுக்குப் பட்டெல்லாம் வருது" என்று, கிறிஸ்தவர்களை அப்பா சொல்லும் அதே வார்த்தையில், இவர் கேலி செய்தார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நம் வீட்டிலிருந்து வந்த முதல் பொருள் இது.

மஞ்சள் எனக்கு எடுக்காது. சின்ன வயதிலிருந்தே உனக்கு நிறம் பார்த்து எடுக்கத் தெரியாது. அதை விடு. உன் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். மயில்கழுத்து யாருக்கு?

அக்கா,
செல்வராணி

புதுக்கோட்டை
17.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபீசில் வேலை அதிகம், அதனால்தான் தாமதம். மயில்கழுத்து, பெரியப்பா மகள் பகவதிக்கு. "வேதக்காரனக் கட்டுனவ என் வீட்டுத் தாலியத் தொடப்படாது" என்று அப்பா சொல்லிவிட்டார். அவரைப் பற்றி உனக்குத் தெரியாததா?

நீ மஞ்சளை உடுத்திக்கொண்டு வா. கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்துகொண்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அத்தான் மட்டும் இந்த ஒரு தடவை வராமலிருந்தால் நல்லது. தப்பாக நினைக்காதே.

மகாராஜன்

கீழவைப்பார்
22.8.2024

தம்பிக்கு,

சேலையைத் திருப்பி அனுப்புகிறேன். மடிப்புக் கலையவில்லை, கடையில் மாற்றிக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடம் போகிற காலத்தில் உன் ஷூ லேஸைத் தினமும் முடிந்துவிட்டவள் நான். உன் கல்யாணத்தில் ஒளிந்து உட்கார வரமாட்டேன். வருத்தமும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. பிரேமா மேல் இரண்டும் இல்லை என்று அவளிடம் சொல். நன்றாக இருங்கள்.

செல்வராணி

புதுக்கோட்டை
9.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கல்யாணம் முடிந்தது. சாப்பாட்டில் குறை சொல்ல யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை, பெரியப்பா தவிர.

மயில்கழுத்துப் பட்டைக் கடைசிவரை நான் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. பகவதி மஞ்சளிலேயே பிரேமாவுக்குப் பின்னால் நின்றாள். முதல் முடிச்சைப் போட்டேன். பகவதி கயிற்றுக்குக் கை நீட்டினாள். நான் கயிற்றை விடாமல் மற்ற இரண்டையும் நானே போட்டுவிட்டேன்.

"ஏலே, அது நாத்தனா போடுத முடிச்சுல்லா" என்றார் அப்பா.

"நாத்தனா கீழவைப்பார்ல இருக்கா" என்றேன்.

மேளச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. அப்பாவுக்குக் கேட்டது. அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசவில்லை. உனக்குக் கடிதம் எழுதும்போது இல்லாத தைரியம், மணவறையில் உட்கார்ந்த பிறகுதான் வந்தது. அதற்கு வெட்கப்படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் கீழவைப்பாருக்கு வருகிறோம். அத்தானைக் கட்டாயம் வீட்டில் இருக்கச் சொல். மயில்கழுத்துப் பட்டையும் கொண்டு வருகிறேன். ரவிக்கைத் துணியை இன்னும் வெட்டவில்லை.

எனக்கு எந்தக் காலத்தில் முடிச்சு நின்றது? மூன்றாவது இப்போதே நெகிழ்ந்துவிட்டது என்கிறாள் பிரேமா. நீதான் இறுக்கிவிட வேண்டும்.

உன் தம்பி,
மகாராஜன்