செல்லோவின் மார்பில் குங்குமம்

ஆயுத பூஜைக்குச் சந்தனம் கரைத்துக்கொண்டு நிற்கிறேன். எதிரே, மார்பளவு உயர வயலின் மாதிரி, உன் இத்தாலிய செல்லோ, என் சைக்கிளுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில். வாசிக்கத் தெரியாதவனிடம் வந்து சேர்ந்தோமே என்ற அலுப்பு அதற்கு. இடுப்பு வலியோடு இதையும் துடைக்க வேண்டியிருக்கிறதே என்ற அலுப்பு எனக்கு.

சொந்த நாட்டுக்குக் கிளம்பிய அடையாறு வெள்ளைக்கார அம்மாள், உனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவர், இதை உனக்குக் கொடுத்ததும், போர்வை சுற்றி ரிக்‌ஷாவில் மயிலாப்பூருக்குக் கொண்டுவந்தோம். "இன்னா நைனா, யார் வூட்டுப் பொணம்?" என்றார் ரிக்‌ஷாக்காரர். நீ கோபத்தில் அவருக்கு இதன் வம்சாவளியையே சொன்னாய்: இத்தாலியில் செய்தவர், கப்பல் டாக்டர், பாண்டிச்சேரி பாதிரியார், அப்புறம் அந்த அம்மாள். பிற்பாடு நீ கதை சொல்லும் ஒவ்வொரு காபிக்கும் ஒரு பழைய சொந்தக்காரராகக் கூடி, கடைசியில் ஒரு மகாராஜாவும் அந்த வரிசையில் வந்து சேர்ந்தார். "உள்ளே செஞ்சவர் பேர் போட்ட சீட்டு ஒட்டியிருக்குடா, பாரு" என்பாய். டார்ச் அடித்துப் பார்த்து, இத்தாலியன் படித்தவன் மாதிரி தலையாட்டுவேன்.

உன் வீடோ ஒற்றை அறை. மூலையில் செல்லோ ஜமீன்தார் மாதிரி சாய்ந்திருக்கும். "இது போனாத்தான் இந்த ஆத்துல மனுஷா காலை நீட்ட முடியும்" என்று உன் மனைவி என்னிடம் புலம்பாத நாளில்லை. கடைசியில் விற்க நீயே சம்மதித்தாய்.

பழைய வாத்தியங்கள் வாங்கும் வெளிநாட்டுக்காரர் வந்தது விஜயதசமி காலையில். சீட்டைப் பார்த்து, அசல்தான் என்றார். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அவர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பினார். மார்பில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம், முதல்நாள் பூஜையில் உன் மனைவி எண்ணெயில் குழைத்து அப்பியது, பழைய வார்னிஷுக்குள் இறங்கியிருந்தது. துடைத்தார், போகவில்லை. இதன் மதிப்பே அந்த வார்னிஷில்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீ மனைவியைத் திட்டினாய். திட்டவே தெரியவில்லை உனக்கு. பூஜையில் வைத்ததை அன்று எடுத்து வாசிக்க வேண்டுமே என்று சாக்குச் சொல்லி, தெருமுனைவரை கேட்கும்படி வாசித்தாய்.

நீ கண்ணை மூடிய பின், தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பும்போது உன் மனைவி இதை என்னிடம் ஒப்படைத்தார். வருஷா வருஷம் சுண்டுவிரலால் வைக்கிற பொட்டு அந்த வருஷம் மட்டும் ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டேன்.

"முதல்நாள் அவர் மூஞ்சிய நீங்க பாக்கலியேண்ணா. பாத்திருந்தா நீங்களே அப்பியிருப்பேள்."

உனக்கு இது தெரியாமலே போயிற்று. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இதன் வம்சாவளியில் மகாராஜாவுக்குக் கீழே எங்கேயாவது என் பெயரையும் சேர்த்துக்கொள். சந்தனம் காய்கிறது. அந்தக் கறையின் மேலேயே வைக்கிறேன், சுண்டுவிரலால்.