கடலில் உட்கார ஆசைப்பட்டவளுக்கு

பீரோவின் அடித்தட்டைக் காலி செய்தபோது அந்தக் கவர் கையில் தட்டுப்பட்டது. கடைப்பெயர் பாதி உரிந்துபோன மஞ்சள் கவர். உள்ளே இரண்டு சுடிதார். எனக்கு மெரூன், உனக்கு மயில் நீலம். இரண்டிலும் விலைச் சீட்டு அப்படியே தொங்குகிறது. அந்துருண்டை நெடிக்கு அடியில் புதுத்துணியின் கஞ்சி வாசனை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. பீரோக் கதவைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் மகன் எங்களைக் கோவாவுக்கு அழைத்துப் போகிறானாம். கடலுக்கு எதிரேயே ரூம், மூன்று ராத்திரி. இரண்டு மாதமாக அவனும் மருமகளும் போனில் படம் படமாக அனுப்பி, இது வேண்டாம் அது என்று தேர்ந்தெடுத்தார்கள். எனக்குப் பேத்தியைப் பார்த்துக்கொள்கிற வேலை இருக்கும், தெரிந்துதான் சரி என்றேன். இவர் வரவில்லை, தேங்காய் வெட்டு இருக்கிறது. ஈஸி சேரில் சாய்ந்தபடி சொன்னார்: "நீ போயிட்டு வா. கடல்னா ஆசைன்னு அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் என்ன வேணாம்னா சொல்லியிருக்கப் போறேன்?"

கேட்டாயா? எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்கிறாரா நிஜம் சொல்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. நான்தான் கேட்கவே இல்லையே.

நம் சிநேகம் முழுக்க காலை எட்டு பத்துக்கு வரும் பஸ்ஸில் நடந்தது. ஊரிலிருந்து பட்டுக்கோட்டைக்கு நாற்பது நிமிடம், திரும்பி வர நாற்பது நிமிடம். நான் ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரில் பத்திரம் எழுதுபவரிடம் டைப் அடித்தேன். நீ ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் நின்றாய். வேலை பார்த்தாய் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை, நின்றாய் என்றுதான் எழுத வேண்டும். வாங்க வருபவர்களுக்கு மெத்தை போட்ட ஸ்டூல், உங்களுக்கு ஒன்றும் கிடையாது. கூட்டமில்லாத மத்தியானத்திலும் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்துவிடுவார். பாத்ரூம் போகக்கூட அவரிடம் கேட்க வேண்டும் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாய். சாயங்கால பஸ்ஸில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலை என் வயர்கூடைமேல் தூக்கி வைப்பாய். கூடைக்குள் என் டிபன் பாக்ஸ் நசுங்கும். ஒருநாளும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அந்த விளம்பரம் யாரோ சீட்டில் விட்டுப்போன வாரப் பத்திரிகையில் இருந்தது. வெள்ளை மணல், கீற்றுக் குடைக்குக் கீழே இரண்டு நாற்காலி, எதிரே கடல். அதைக் கிழித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாய்.

"நிக்க இல்லடி. அலை வந்து வந்து போற எடத்துல சப்பணம் போட்டு உக்காரணும். இந்தக் காலு ரெண்டும் தண்ணிக்குள்ள கெடக்கணும். யாரும் எந்திரின்னு சொல்லக் கூடாது."

உன் ஆசை மொத்தமும் அவ்வளவுதான். ஏரோப்ளேன் கேட்டாயா, நகை கேட்டாயா? அப்புறம் ஒவ்வொரு நாளும் நாற்பது நிமிடம் திட்டம் போட்டோம். எந்த மாசம், எத்தனை நாள், ரூமில் ஃபேனா ஏசியா, காலைச் சாப்பாடு வெளியிலா. நான் அடிக்கும் பத்திரத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, "எனக்கும் ஒரு எடம் எழுதிக் குடுடி. நாலு எல்லை நான் சொல்றேன். கிழக்கால கடல், தெக்கால கடல், வடக்கால நீ. மேக்கால மட்டும் சுவரு எழுப்பிடு, எங்க மாமியார் அந்தப் பக்கம்" என்பாய். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்போம்.

கடல் நமக்கு ஒன்றும் தூரமில்லை. பட்டுக்கோட்டையிலிருந்து இன்னொரு பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். ஆனால் அந்தக் கடலுக்கு நம் பக்கத்து ஜனம் அமாவாசைக்குத்தான் போகும், செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க. மற்ற நாளில் இரண்டு பொம்பளைகள் அங்கே போய் உட்கார்ந்திருந்தால், நாம் திரும்பி வருவதற்குள் செய்தி ஊருக்கு வந்திருக்கும். அதனால்தான் தூரமான கடல் வேண்டும் என்றாய். புடவையோடு அலையில் உட்கார முடியாது என்று ஆடித் தள்ளுபடியில் இரண்டு சுடிதார் எடுத்தாய். உன் வீட்டில் ஒளித்து வைக்க இடமில்லை. என் பீரோவுக்கு வந்தது.

கோயில் என்று சொல்லும் யோசனை உன்னுடையது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "ராமேஸ்வரம்னு சொல்லுவோம். சாமி பேரைச் சொன்னா எவன் தடுப்பான்? ஒரு நாள் கோயிலு, ஒரு நாள் தனுஷ்கோடி" என்றாய். ரொம்பக் கெட்டிக்காரி என்று நினைப்பு. தடுக்கத்தான் யாரும் மாட்டார்கள், கூட வருவார்கள் என்று நம் இருவருக்கும் உறைக்கவில்லையே! "ராமேஸ்வரமா? நானும் எத்தனை வருசமாச் சொல்றேன்" என்று முதலில் கிளம்பியது உன் மாமியார். அடுத்து என் மாமியார். அப்புறம் என் நாத்தனார், அவள் ஓரகத்தி, எதிர்வீட்டு அம்மா. கடைசியில் வேன் பிடித்து பதினாலு பேர் போனோம். முந்தின நாள் பூரா நீயும் நானும் புளிசாதம் கிளறினோம்.

அக்னி தீர்த்தத்தில் பெரியவர்கள் முங்கி எழுந்தார்கள். நாம் கரையில் அவர்களுடைய மாற்றுப்புடவைகளையும் மூக்குக்கண்ணாடிகளையும் வைத்துக்கொண்டு நின்றோம். இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரும் தலையில் கொட்டிற்று. ஈரப்புடவையோடு கிழவிகளைக் கைப்பிடித்து நடத்தினோம். தனுஷ்கோடிக்கு வேன் போனது உச்சி வெயிலில். உன் மாமியாருக்கு வாந்தி. பத்தே நிமிடம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றாய். உட்காரப் போகிறாய் என்றே நினைத்தேன். முழங்கால் கொஞ்சம் மடங்கக்கூட மடங்கியது. வேனிலிருந்து ஹாரன் அடித்தார்கள். சுடிதார் இரண்டும் என் பீரோவிலேயே இருந்தன.

ஒரு மாசம் கழித்து பஸ்ஸில் சொன்னாய்: "இந்தத் தடவ சாமிய இழுக்க வேணாம்டி. கடலுக்குப் போறோம்னே சொல்லிடுவோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், நீ உங்க வீட்டுல சொல்லு, நான் எங்க வீட்டுல சொல்றேன். ஒரே நேரத்துல சொல்லிட்டா ஒருத்தரக் காட்டி ஒருத்தர் தப்பிச்சுக்கலாம்." நான் தலையாட்டினேன். என் கையை எடுத்து உன் மடிமேல் வைத்துக்கொண்டாய்.

வெள்ளிக்கிழமை வந்தது. நீ சொல்லிவிட்டாய். நான் அரிசி களைந்தேன், விளக்கேற்றினேன், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

அன்று இருட்டியதும் உன் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். இவர் வயலில் முறைத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். என் மாமியார் முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"உங்ககூட எங்கயோ கடலுக்குப் போறேன்னு சொல்லுதுங்க. ரெண்டு நாளு ரூம் போட்டுத் தங்கப் போறீங்களாம். நெசந்தானாங்க?"

மாமியாரின் கை கீரைக்காம்பில் நின்றது. என்னைத்தான் பார்த்தார். ஒரு நிமிடம்கூட இருக்காது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பஸ்ஸுல பேசிக்குவோம், அவ்வளவுதான்."

அவர் தம்பி அவரைப் பார்த்த பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, நான் என்ன செய்துவிட்டேன் என்று. என்னோடு இல்லையென்றால் யாரோடு? அந்தக் கேள்வியை அவர்கள் கையில் கொடுத்து உன்னிடம் அனுப்பி வைத்தவள் நான். பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். இன்னும் எங்கள் கேட்டைக்கூடத் தாண்டியிருக்கவில்லை அவர்கள். நான் மாமியாருக்கு முறம் எடுத்துக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்துத்தான் பஸ்ஸில் ஏறினாய். எப்போதும்போல் ஜன்னலோரம் உனக்கு இடம் போட்டு வைத்திருந்தேன். நீ பார்த்தாய். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். காலியாக ஒரு சீட்டு இருக்க, அந்தக் காலை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடமும் நின்றாய். மறுநாளும் நின்றாய். நடத்துனர்கூட, "உக்காருங்கம்மா, எடம் இருக்குல்ல" என்றார். நாலு மாசம், தாயே! கடையிலும் நின்று, வழியிலும் நின்று. என்னை இதைவிட நன்றாகச் செருப்பால் அடித்திருக்க முடியாது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் அழுதுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த நிம்மதியைத் தரக்கூடாது என்றுதானே நின்றாய்?

ஒருநாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். மனசு இறங்கிவிட்டாய் என்று நினைத்தேன். இல்லை, காலுக்கு முடியவில்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் அரிசி விலை பேசினோம், பிள்ளைகள் மார்க் பேசினோம். கடலைப் பற்றி நீ பேசவில்லை. சுடிதாரைக் கேட்கவில்லை. காலைக் கூடைமேல் வைக்கவும் இல்லை.

பிறகு முகமும் வீங்க ஆரம்பித்தது. சிறுநீரகம் என்றார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தேன். இரண்டு தடவையும் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் பஸ் ஏறினேன். உன் வீட்டுக்காரர் ஃபிளாஸ்க்கோடு தலைமாட்டிலேயே இருந்தார். அவர் முன்னால் கேட்டால் அன்று வாசலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அப்போதும் என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. கட்டில் ஓரத்து ஸ்டூலைக் காட்டி நீ சொன்னது ஒன்றே ஒன்று: "உக்காருடி, ஏன் நிக்கிற?" வழக்கமாகச் சொல்கிறாயா, குத்திக் காட்டுகிறாயா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அந்தக் கவரை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க நீ உயிரோடு இல்லை, சொல்லவேண்டியவரிடமாவது சொல்லிவிடலாம் என்று. மாலை போட்ட படத்தில் நீ கடை யூனிஃபார்ம் புடவையில் இருக்கிறாய். வேறு படமே கிடைக்கவில்லையா இவர்களுக்கு? உன் வீட்டுக்காரர் ரொம்ப இளைத்துவிட்டார். பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டார்.

"அன்னிக்கு எங்க வாசல்ல வந்து கேட்டீங்களே" என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்கம்மா. அதான் அவளே அன்னிக்கு ஒத்துக்கிட்டாளே. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, தானாத்தான் உங்க பேரைச் சொன்னேன்னு. தம்பி அத்தனை கேட்டான், அம்மா கேட்டுச்சு. யாருகூடப் போவப் பாத்தேங்கிறத மட்டும் கடைசிவரைக்கும் சொல்லல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் கேக்குறத விட்டுட்டேன். மனசுல இருந்துக்கிட்டேதான் இருக்கு."

என்னைக் காட்டிக் கொடுக்க உனக்கு ஒரு வார்த்தை போதும். அவள் பீரோவைத் திறந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சொல்லவில்லை. என் பொய்யை வாங்கி உன் தலையில் வைத்துக்கொண்டு, அந்தக் காலோடு பஸ்ஸில் நின்றிருக்கிறாய்.

"என்கூடத்தாங்க" என்றேன். "சத்தியமா என்கூடத்தான். நான்தான் பயந்துக்கிட்டு இல்லேன்னுட்டேன். இங்க பாருங்க, ரெண்டு பேருக்கும் எடுத்தது." சுடிதார் இரண்டையும் அவர் மடியில் வைத்தேன்.

அவர் விலைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடித்து, கவரில் போட்டு, என்னிடமே நீட்டினார்.

"உங்களுக்கு நல்ல மனசும்மா. செத்தவள விட்டுக்குடுக்காம இப்படி வந்து சொல்றீங்க பாருங்க. கடையில இருந்தவ, அவளுக்குத் துணிக்கா பஞ்சம்? நீங்க காபி சாப்பிடுங்க."

அன்று பொய் சொன்னேன், நம்பினார்கள். இப்போது நிஜத்தைச் சொல்கிறேன், நல்ல மனசு என்கிறார்கள். அந்தக் காபியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

நாளைக்குக் கிளம்புகிறோம். மகனும் மருமகளும் நேற்றே வந்துவிட்டார்கள். மருமகள் பெட்டியை அடுக்கிக் கொடுக்கும்போது நீலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"மெரூன் உங்க சைஸ் அத்தை. இது யாருது?"

பேத்தி கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தாள். வாசலில் இவர் யாரிடமோ தேங்காய் விலை பேசிக்கொண்டிருந்தார். கேட்டவள் உன்னைப் பார்த்ததுகூட இல்லை.

"என்கூடக் கடலுக்கு வர இருந்தவளோடது" என்றேன்.

"ஓ" என்று மடித்து உள்ளே வைத்தாள். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை, யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று கீரை உருவிக்கொண்டிருந்தவர் முன்னால் சொல்லியிருந்தாலும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

கோவாவில் அலை ஓரமாக உன் நீலத்தை விரித்து வைப்பேன். நனையட்டும். நான் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.